சாந்தாமணியின் கால் விரலுக்கு முன் அனுமதி

1

நாங்கள் இந்த நாட்டில் வந்து இறங்கிய தேதியை என் மனைவி சாந்தாமணி கல்யாண நாளைவிட ஒழுங்காக நினைவு வைத்திருக்கிறாள். ஒவ்வோர் ஆண்டும் அன்றைக்கு ஒப்புட்டு, அதாவது போளி, செய்வாள். கொண்டாட்டமா துக்கமா என்று நான் கேட்டதில்லை. ஒப்புட்டு இரண்டுக்கும் பொருந்துகிறது.

இந்த ஆண்டும் பூரணம் உருட்டி வைத்துவிட்டு, அடுப்படியிலிருந்து தட்டோடு மேசைக்கு வந்தாள். வலது காலின் செருப்பு வழியிலேயே கிடந்தது. அது கழன்றதே அவளுக்குத் தெரியவில்லை. நான் எடுத்துக்கொண்டுபோய்க் காலடியில் வைத்தேன்.

"செருப்பு லூசாயிருச்சுங்க" என்றாள்.

செருப்பு லூசாகவில்லை. போன மாதம் வாங்கியது. சில வாரங்களாகவே அவள் அந்தக் காலைச் சற்று உயரத் தூக்கி, தண்ணீருக்குள் நடப்பவள்போல வைத்து நடக்கிறாள். கேட்டால் தரையைக் குறை சொல்கிறாள், கம்பளத்தைக் குறை சொல்கிறாள், இப்போது செருப்பை.

இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் ஒரு நரம்பு நசுங்கிக் கிடக்கிறது என்று அறுவை மருத்துவர் படம் காட்டி விளக்கியிருந்தார். எலும்பைச் சுரண்டி நரம்புக்கு வழி விட வேண்டும். அதைவிட முக்கியமாக இன்னொன்றும் சொன்னார். கால் விரல்கள் மேலே எழ மறுக்கத் தொடங்கினால் தாமதிக்கக் கூடாது. நரம்பு ஓரளவுக்குத்தான் பொறுக்கும். அதற்குப் பிறகு எலும்பைச் சுரண்டினாலும் பாதம் தொங்கியது தொங்கியதுதான், மிச்ச வாழ்நாள் முழுவதும் காலை இழுத்து இழுத்துத்தான் நடக்க வேண்டும்.

அந்தச் சிகிச்சைக்கு முன் அனுமதி கேட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பம் போயிருந்தது. ஒப்புட்டின் முதல் விள்ளலை வாயில் வைத்தபோது கைப்பேசி ஒலித்தது. எங்கள் கோரிக்கையின் மீது முடிவு எடுக்கப்பட்டுவிட்டதாம், செயலியில் பார்த்துக்கொள்ளலாமாம்.

பார்த்தேன். நிராகரித்திருந்தார்கள்.

"என்னங்க சொல்றாங்க?" என்றாள்.

"சாப்பிடு, சொல்றேன்" என்றேன்.

2

வைத்தியத்துக்கு முன் அனுமதி வாங்குவது என்றால் என்னவென்று ஊரில் இருப்பவர்களுக்கு விளக்குவது எளிது. வீடு கட்டுவதற்கு முன்னால் வரைபட அனுமதி வாங்குகிறோம் அல்லவா, அதேதான். இங்கே வீட்டுக்குப் பதிலாக முதுகெலும்பு.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. உத்தியோகத்தின் முதல் பாதியைக் கோயமுத்தூரில் கட்டட வரைபட அனுமதிப் பிரிவில் கழித்தவன் நான். முன்பே இங்கே வந்துவிட்ட சாந்தாமணியின் அண்ணன் எங்களுக்குக் குடியேற்ற விசா கேட்டு எழுதிப்போட்டு, வருடக்கணக்கில் காத்திருந்து நாங்கள் ஓஹையோ வந்த பிறகு, மறுபாதியையும் ஒரு மாவட்ட அலுவலகத்தில் அதே வேலையில் கழித்தேன். அங்கே மொட்டை மாடி அறை, இங்கே கொல்லைப்புற மரத்தளம். ஒருவன் தன் வீட்டில் தன் பணத்தில் செய்ய நினைப்பதை வேறொருவன் மேசையில் உட்கார்ந்துகொண்டு சரி என்றோ இல்லை என்றோ சொல்கிற தொழில். அந்த வேறொருவனாக நெடுங்காலம் இருந்திருக்கிறேன். அதனால் எந்த விண்ணப்பமும் என்னைப் பயமுறுத்துவதில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

முன்பெல்லாம் இந்த நிறுவனங்கள் நிராகரித்தால் ஒரு வரியில் சொல்லிவிடும். மருத்துவத் தேவை நிறுவப்படவில்லை, அவ்வளவுதான். எந்தக் கல் சரியில்லை, எந்தச் சுவர் கோணல் என்று சொல்லாமல் வரைபடத்தைத் திருப்பி அனுப்புவதுபோல. இப்போது எங்களைப் போன்ற முதியவர்களின் காப்பீட்டுக்கு வெளிப்படைத்தன்மை விதிகள் வந்துவிட்டன. சாதாரணக் கோரிக்கை என்றால் ஏழு நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும், அவசரம் என்றால் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள். மறுத்தால் குறிப்பான காரணத்தைச் சொல்லியாக வேண்டும். மருத்துவமனைகளும் தங்கள் விலைகளை ஊரறிய வெளியிட வேண்டும். வெளியிட்டும் இருக்கிறார்கள், கணினி மட்டுமே படிக்கக்கூடிய கோப்பாக. நான் அதைத் திறந்து பார்த்தேன். சாந்தாமணியின் முதுகு அதில் எந்த வரியில் இருக்கிறது என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

விதிகளை நான் பரிகசிக்கவில்லை. அந்த விதி இல்லையென்றால் நான் எழுதும் இந்தக் கதையே இல்லை. ஏனென்றால் எங்களுக்கு வந்த மறுப்பில் காரணம் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. உடற்பயிற்சிச் சிகிச்சையில் நோயாளிக்கு நல்ல முன்னேற்றம். வலி அளவு, பத்துக்கு இரண்டு. கால் பலவீனம் கூடியதாகப் பதிவு இல்லை. எனவே இந்த அறுவைச் சிகிச்சை தற்போது தேவை என்று கருத இயலவில்லை.

அந்த மேசையில் நான் உட்கார்ந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

3

சாப்பிட்டு முடித்ததும் கேட்டேன்.

"சாந்தாமணி, பத்துக்கு ரெண்டுன்னு யாரு சொன்னது?"

கொஞ்ச நேரம் தட்டில் விரலால் நெய்யைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நாந்தானுங்க."

"ரெண்டுதான் வலிக்குதா?"

"அப்படி இல்லீங்க. அந்தப் புள்ள கெல்சி இருக்குதல்லங்க, மண்டி போட்டு உக்காந்து காலைப் புடிச்சு அத்தனை நேரம் நீவி உடுது. எல்லாம் முடிச்சுப்போட்டு மொகத்தைப் பாத்து, எப்படி இருக்குதுன்னு கேக்குது. அதுகிட்டப் போயி ஒம்போதுன்னு சொன்னா அது மனசு என்ன பாடுபடும்?"

கெல்சி, உடற்பயிற்சிச் சிகிச்சை தரும் பெண். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. அறுவைக்கு அனுமதி கேட்கும் முன்னால் சில வாரங்களாவது இந்தச் சிகிச்சை எடுத்துப் பலிக்கவில்லை என்று காட்ட வேண்டும் என்பது நடைமுறை. ஆகவே வாரத்துக்கு இரண்டு முறை நான் சாந்தாமணியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, வெளியே உட்கார்ந்து விண்ணப்பத்தின் எல்லாக் கட்டங்களையும் பிழையில்லாமல் நிரப்பிக்கொண்டிருந்தேன். உள்ளே அவள் சிகிச்சை நன்றாகப் பலிப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"வலி எவ்வளவுன்னு காட்ட மூஞ்சிப் படம் ஒண்ணு வெச்சிருக்கறாங்க" என்றாள். "மொதல் மூஞ்சி சிரிக்குது, கடைசி மூஞ்சி கண்ணுல தண்ணி உடுது. அந்த அழுகற மூஞ்சியத் தொட்டுக் காட்ட எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சுங்க. சிரிக்கறதுக்குப் பக்கத்துல ஒண்ணைத் தொட்டேன்."

"விரல் எந்திரிக்கலைன்னாவது சொன்னியா?"

"அது கேக்கவே இல்லீங்களே. மொத நாளு தூக்கச் சொல்லிப் பாத்துச்சு. அப்ப எந்திரிச்சுது. மறுக்கா மாசக் கடைசியிலதான் அளக்குமாம்."

"நீயா சொல்ல வேண்டியதுதான?"

"என்னன்னுங்க சொல்றது? நீ பாத்துப் பாத்துப் பண்ணியும் மோசமாத்தான் போச்சுன்னா?"

எனக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பயம் வந்தது. பயத்தைக் காட்டத் தெரியாதவர்கள் செய்வதைச் செய்தேன். எழுந்துபோய்ச் செயலியில் மேல்முறையீட்டுப் பக்கத்தைத் திறந்தேன். பணிவுடன் தொடங்கி, ஆவன செய்யுமாறு கேட்டு, நன்றியுடன் முடித்து ஒரு கடிதம் எழுதினேன். படித்துப் பார்த்தபோது அதிலும் வலி இருக்கவில்லை, மரியாதைதான் இருந்தது. அனுப்பாமல் மூடினேன்.

4

எங்கள் பக்கத்துக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். "போதுங்க" என்று சொல்வது சாப்பாட்டை நிறுத்துவதற்கு அல்ல. அது ஒரு பேச்சு. பரிமாறுகிறவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டே இன்னொரு கரண்டி வைப்பார். இலையை இரண்டு கையாலும் மறைத்துக் குனிந்தால்தான் உண்மையிலேயே போதும் என்று பொருள், அப்போதும் விரல் சந்தில் ஒரு பருப்பு வடை வந்து விழும். இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம் அண்ணனின் அமெரிக்க நண்பர்கள் வீட்டு விருந்துகளில் நாங்கள் "போதுங்க" சொன்னதும் கரண்டி பாத்திரத்துக்கே திரும்பிப் போனது. வீட்டுக்கு வந்து ரசம் வைத்துச் சாப்பிட்டோம். அப்போது சிரித்தோம்.

ஐந்தாம் வகுப்பில் இங்கே வந்து சேர்ந்த எங்கள் மகள் கவிதா ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டுவிட்டாள். வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம். நானும் அலுவலகத்தில் எப்படியோ பழகிக்கொண்டேன். சாந்தாமணிக்கு மட்டும் வரவில்லை. வர வேண்டிய கட்டாயமும் இருக்கவில்லை.

கவிதா பிறந்தபோது நடந்தது ஒன்று உண்டு. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சிறிய நர்சிங் ஹோம். குழந்தை பிறந்த சில நாட்களில் காலையில் டாக்டரம்மா சுற்றி வந்தார். வயதானவர், பேச்சில் அன்னூர்ப் பக்கம். "எப்படி இருக்குது அம்மணி?" என்றார். "பரவால்லீங்க" என்றாள் சாந்தாமணி. நான் பக்கத்தில் நின்றேன், எனக்கும் பரவாயில்லை என்றுதான் தோன்றியது. டாக்டரம்மா தலையை ஆட்டிக்கொண்டே போர்வையைக் கால்மாட்டில் தூக்கிப் பார்த்தார். இடது கெண்டைக்கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. ரத்தம் உறைந்திருக்கிறது, அன்று பார்க்காமல் விட்டிருந்தால் அது நெஞ்சுக்கு ஏறியிருக்கும்.

"ஏம்மா, இத வெச்சுக்கிட்டுத்தான் பரவால்லீங்கறயா?" என்று அவளை ஒரு அதட்டல் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நம்மூருப் பொம்பளைங்க வாயைக் கேட்டுட்டு மருந்து எழுதுனா பாதிப்பேரு செத்துப்போவாங்க. போர்வையத் தூக்கிப் பாக்கோணும்."

கெல்சியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வயதில் பெரியவள் ஒருத்தி முகத்துக்கு நேராக, சிரித்துக்கொண்டு, இரண்டு என்று சொன்னால் இரண்டு என்றுதான் எழுத வேண்டும். நோயாளியின் சொல்லை மாற்றி எழுதாமல் இருப்பதுதான் இங்கே மரியாதை.

5

அறுவை மருத்துவரின் அலுவலகத்தில் முன் அனுமதிகளைக் கவனிப்பதற்கென்றே ஒரு பெண்மணி இருக்கிறார். மறுநாள் அவரை அழைத்தேன். என் கேள்விகளிலிருந்து நானும் அனுமதிக் கோப்புகள் பார்க்கும் குலம்தான் என்று புரிந்துகொண்டவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். அவசர மேல்முறையீடு போடலாம், எழுபத்திரண்டு மணி நேரத்தில் பதில் வரும். எங்கள் மருத்துவர் காப்பீட்டு மருத்துவரோடு நேரடியாகப் பேசவும் ஏற்பாடு செய்யலாம். ஆனால் இருவருக்கும் முன்னால் திறந்திருக்கப்போவது கெல்சியின் குறிப்புகள்தான். விரல் எழவில்லை என்று கெல்சி மறுபடி அளந்து எழுதாதவரை, அந்த இரண்டை யாராலும் எட்டாக்க முடியாது. கெல்சியிடம் அடுத்த நேரம் வியாழக்கிழமை கிடைத்தது.

போனை வைப்பதற்கு முன் அவர் இன்னொன்றும் சொன்னார். சிறுநீர்க் கட்டுப்பாடு போனால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு ஓடிவர வேண்டும். அதிலிருந்து சாந்தாமணி ஒவ்வொரு முறை குளியலறையிலிருந்து வெளியே வரும்போதும் நான் வாசலில் நின்றேன்.

"எல்லாம் சரியா வந்துச்சா?"

"அய்யோ, சும்மா இருங்க. கல்யாணம் ஆனப்ப இந்த அக்கறை இருந்திருந்தா நல்லாயிருந்திருக்கும்."

விஷயம் எப்படியோ தொண்டாமுத்தூருக்கு எட்டிவிட்டது. அவளுடைய தம்பி நாச்சிமுத்து தென்னந்தோப்பில் நின்றுகொண்டு வீடியோவில் வந்தான். பின்னால் ஒரு தென்னை சாய்ந்து கிடந்தது, முந்தின வாரம் ஆனை தள்ளியதாம்.

"ஏனுங் மச்சான், அவங்ககிட்ட எதுக்குங் கெஞ்சிக்கிட்டு? டிக்கெட்டப் போடுங்க. நம்ம கோயமுத்தூர்ல இல்லாத ஆஸ்பத்திரியா? வந்த மறுநாளு ஆப்பரேசன், அடுத்த வாரம் அக்கா நடந்து தோட்டத்துக்கே வந்துரும்."

"உனக்குப் பித்தப்பை எடுத்தப்ப என்ன ஆச்சு மாப்ள?"

"அது வேற கதைங்க."

"சொல்லு."

"காத்தால டிஸ்சார்ஜுன்னாங்க. இன்சூரன்சு அப்ரூவல் வர்ற வரைக்கும் சட்டையப் போட்டுக்கிட்டுக் கட்டில்லயே உக்காந்திருந்தேன். பொழுது உழுந்துதான் உட்டாங்க."

"அப்ப அங்கயும் இதுதான?"

"இதுதானுங். ஆனா அந்த மேசையில உக்காந்திருந்த அம்மணிக்கு ஊரு பெருந்துறை. எந்திரிச்சுப் போயி ரெண்டு சத்தம் போட்டுப்போட்டு, நீ ஆரு ஊட்டுப் புள்ளைன்னு கேட்டேன். எங்க பெரியம்மா ஊட்டுக்கு ஒறம்பரை, சொந்தமாயிப்போச்சு. அப்புறம் காப்பி குடுத்து உக்கார வெச்சாங்க."

"அப்ரூவல் வந்துச்சா?"

"அது அதோட நேரத்துக்குத்தானுங் வந்துச்சு" என்று ஒப்புக்கொண்டான். "ஆனா மனசு ஆறிப்போச்சுங்க மச்சான்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கும் ஆசை இருந்தது. ஆனால் அத்தனை நேரம் விமானத்தில் உட்கார்ந்து வரக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இங்கே சத்தம் போடுவதற்கும் ஆள் இல்லை. செயலியைப் பார்த்து, நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்க முடியாது.

6

புதன்கிழமை கவிதா சின்சினாட்டியிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். அவள் ஒரு பெரிய நிறுவனத்தில் பலரை மேய்க்கிற வேலையில் இருக்கிறாள். பையைக் கீழே வைக்கும் முன்பே கேட்டாள்.

"அம்மா, நீ ஏன் பொய் சொன்னே?"

"பொய்யா? நான் எதுக்குக் கண்ணு பொய் சொல்றேன்?"

"ரெண்டுன்னு சொன்னது பொய்தானே. இட்ஸ் நாட் எ கம்ப்ளெயின்ட் அம்மா. இட்ஸ் டேட்டா."

"உனக்கு அது டேட்டா. எனக்கு அந்தப் புள்ளையோட மொகம்."

ஒத்திகை பார்ப்பது என்று முடிவானது. நான் கெல்சியாக நாற்காலியில் உட்கார்ந்தேன். சாந்தாமணி சோபாவில்.

"இன்றைக்கு வலி எப்படி இருக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"பெட்டர், தேங்க் யூ மா."

"அம்மா!"

"வாயில வந்துருச்சு. இன்னொருக்காக் கேளுங்க."

கேட்டேன். "கொஞ்சம் பெட்டர்" என்றாள். கவிதா தலையில் கை வைத்துக்கொண்டாள். மூன்றாம் முறை சாந்தாமணி என்னையே உற்றுப் பார்த்து, "உங்களைப் பாத்தா எனக்கு நோவே வர்றதில்லீங்க, வேற ஆளை உக்கார வெய்யுங்க" என்றாள். கவிதா உட்கார்ந்தாள். மகள் முகத்தைப் பார்த்ததும் சாந்தாமணி, "நல்லாயிருக்கறேன் கண்ணு" என்றாள், ஒத்திகை என்பதையே மறந்து.

கவிதா சிரிக்கத் தொடங்கி நடுவில் நிறுத்திவிட்டாள்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நான் கேட்டேன் அம்மா. ஹௌ ஆர் யூன்னு கேட்டேன். இதே மாதிரிதான் சொன்னே. நல்லாயிருக்கேன்னு. நான் நம்பினேன்." குரல் மாறியிருந்தது. "ஃபோனை வெச்சுட்டு நான் என் வேலையைப் பாக்கப் போயிட்டேன்."

"நீ வேலையாத்தான கண்ணு இருப்பே. அதைப் போயிச் சொல்லி..."

"எப்பவுமே அப்படித்தான் சொன்னியா? இத்தனை வருஷமும்?"

கவிதா தன் அம்மாவோடு பேசிய எல்லா ஞாயிற்றுக்கிழமைகளையும் திரும்ப எண்ணிப் பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. பிள்ளைகள் தமிழை மறந்துவிடுவார்கள் என்று பயந்து சனிக்கிழமைதோறும் வகுப்புக்குக் கூட்டிப்போனோம். எழுத்துகளை அவள் மறக்கவில்லை. "நல்லாயிருக்கறேன்" என்பதைக் கேட்டுவிட்டு இன்னொரு முறை கேட்க வேண்டும் என்பதை நாங்களும் கற்றுக்கொடுக்கவில்லை.

7

வியாழக்கிழமை காலையில் சாந்தாமணி ஒப்புட்டை டப்பாவில் அடுக்கினாள்.

"அதை எதுக்கு எடுத்துட்டு வர்றே? லஞ்சம் மாதிரி இருக்கும்."

"வெறுங்கையோட போயிக் குத்தம் சொல்றதுங்களா?"

இந்த முறை நானும் உள்ளே போனேன். கவிதா சுவரோரம் நின்றாள். கெல்சி வழக்கம்போல ஓடிவந்து சாந்தாமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். டப்பாவை வாங்கி முகர்ந்து பார்த்து, மதியச் சாப்பாட்டுக்கு இதுதான் என்றாள். பிறகு அந்த மூஞ்சிப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாள். இன்றைக்கு எப்படி இருக்கிறோம்?

சாந்தாமணி வாயைத் திறந்தாள். "பெட்" வரைக்கும் வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டாள். என்னைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள். பிறகு கெல்சியின் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு தமிழில் பேசத் தொடங்கினாள்.

"கண்ணு, நீ தப்பா நெனச்சுக்கக் கூடாது. நீ உன்ற பங்குக்கு நெம்ப நல்லாத்தான் பாத்தே. உன்மேல ஒரு கொறையும் இல்ல. ஆனா எனக்கு வலி தாங்க முடியலை கண்ணு. உக்காந்தா வலிக்குது, படுத்தா வலிக்குது. இந்தக் கால் என்ற காலாட்டமே இல்ல. செருப்புக் கழண்டு உழுந்தாக்கூடத் தெரிய மாட்டேங்குது. இப்படியே போயிருமோன்னு பயமா இருக்குது."

பயமாக இருக்கிறது என்பதை அவள் எங்களிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. நான் மொழிபெயர்த்தேன். எத்தனையோ கூட்டங்களில் குரல் பிசகாமல் விதிகளைப் படித்தவன். அன்று இரண்டு வாக்கியம் தாண்டவில்லை. மிச்சத்தைக் கவிதா சொன்னாள். செருப்பு என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு கணம் தடுமாறினாள்.

கெல்சி படத்தைக் கீழே வைத்தாள். மண்டியிட்டு, சாந்தாமணியின் ஷூவைக் கழற்றினாள், காலுறையை உருவினாள்.

"விரலை மேலே தூக்குங்கள்."

நான்கு சிறு விரல்களும் லேசாக அசைந்தன. கட்டை விரல் அசையவில்லை. சாந்தாமணியின் முகம் இறுகியது, தோள் எழுந்தது, இடுப்பே எழுந்தது. விரல் கிடந்த இடத்திலேயே கிடந்தது. கெல்சி இடது காலைப் பார்த்தாள், திரும்ப வலது காலைப் பார்த்தாள், இன்னொரு முறை அளந்தாள்.

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்றாள் கடைசியில்.

கவிதா அதைத் தமிழில் சொல்ல, சாந்தாமணி, "நீ சங்கடப்படுவேன்னுதான் கண்ணு" என்றாள்.

கவிதா அதையும் ஆங்கிலத்தில் சொன்னாள். கெல்சியின் கழுத்து சிவந்தது. "இப்போதுதான் சங்கடமாக இருக்கிறது" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். எழுந்துபோய் எங்கள் கண் முன்னாலேயே மருத்துவரின் அலுவலகத்தை அழைத்தாள். ஒரு மணி நேரத்தில் குறிப்பு வந்துவிடும், அவசரம் என்று போடுங்கள் என்றாள். டப்பாவை மட்டும் அன்றைக்கு அவள் திறக்கவில்லை.

8

மேல்முறையீடு போன பிறகு செய்வதற்கு எதுவுமில்லை. எல்லா நடைமுறையும் தெரிந்தவனுக்கு இதைவிட மோசமான நிலை கிடையாது. செயலியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். பரிசீலனையில் உள்ளது. பரிசீலனையில் உள்ளது. இதே சொற்களை எத்தனை பேருக்கு நான் ஜன்னல் வழியாகச் சொல்லியிருப்பேன்! பாதி கட்டிய சுவரின் முன்னால் ஜல்லியும் மணலும் கொட்டி வைத்துக்கொண்டு அவர்கள் எப்படிச் சாப்பிட்டார்கள், எப்படித் தூங்கினார்கள் என்று யோசித்தேன். சுவர் காத்திருக்கும், மழை பெய்தால் கொஞ்சம் கரையும். நரம்பைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

சாந்தாமணி நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்தாள். நான் பார்க்காதபோது விரலைத் தூக்கிப் பார்க்கிறாள் என்பது தோள் அசைவில் தெரிந்தது. கவிதா வீட்டிலிருந்தே வேலை செய்வதாகச் சொல்லித் தங்கிவிட்டாள். மணிக்கொரு முறை வந்து "நெஜமா எப்படி இருக்கு?" என்று கேட்டாள். அந்த 'நெஜமா' புதிது.

மருத்துவர்கள் இருவரும் பேசிவிட்டார்கள் என்று அந்தப் பெண்மணி தகவல் சொன்னார். கெடு முடிவதற்குச் சில மணி நேரம் முன்னால் கைப்பேசி ஒலித்தது. அனுமதி.

கடைசிப் பத்தியையும் படித்தேன், பழக்கம் விடுமா. இந்த அனுமதி கட்டணம் வழங்கப்படும் என்பதற்கான உத்தரவாதம் அல்ல என்றிருந்தது. நாங்களும் வரைபடத்தில் முத்திரை குத்தும்போது, இது இடத்தின் உரிமைக்கான சான்று அல்ல என்று ஒரு வரி வைப்போம். அந்த வரியை யாரும் படித்ததில்லை. நானும் கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, "கெடச்சிருச்சு" என்று சத்தமாகச் சொன்னேன்.

"அந்தப் புள்ளைக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருங்க" என்றாள் சாந்தாமணி. "மனசு ஒடிஞ்சு போயிருக்கும்."

9

அறுவை நல்லபடியாக முடிந்தது. மருத்துவர் வெளியே வந்து, நரம்புக்கு இடம் கிடைத்துவிட்டது என்றார். விரல் எப்போது எழும் என்று கேட்டேன். மாதங்கள் ஆகலாம், முழுதாக வராமலும் போகலாம், இன்னும் சில வாரம் தள்ளியிருந்தால் நிச்சயம் வந்திருக்காது என்றார். இந்த ஊரில் இப்படி நேராகச் சொல்லிவிடுகிறார்கள். அன்று அதற்கு நன்றி சொல்ல முடிந்தது.

வார்டில் செவிலி ஒருத்தி அதே மூஞ்சிப் படத்தோடு வந்தாள். சாந்தாமணி அரை மயக்கத்தில் கண்ணைத் திறந்து படத்தை நன்றாகப் பார்த்தாள்.

"செவன்" என்றாள், வகுப்பில் பதில் சொல்வதுபோல. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள், சரிதானே என்று. செவிலி குறித்துக்கொண்டு மருந்து எடுத்துவரப் போனாள். கவிதா காப்பி வாங்கக் கீழே போயிருந்தாள்.

"எப்படி இருக்குது சாந்தாமணி?" என்றேன்.

"பரவால்லீங்க. நீங்க சாப்டீங்களா?"

நான் கட்டிலின் கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையைத் தூக்கினேன். வலது பாதம் வெளிறிப்போய்ச் சற்று வெளிப்புறமாகச் சாய்ந்திருந்தது.

"கட்டை விரலைத் தூக்கு."

"தூக்கிட்டுத்தானுங்க இருக்கறேன்."

விரல் அசைந்ததாக எனக்குத் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன், அப்போதும் தெரியவில்லை. என் சுட்டுவிரலை அதன் நகத்தின் மேல் வைத்தேன். சில்லென்று இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, உள்ளேயிருந்து யாரோ மெல்லக் கதவைத் தட்டுவதுபோல ஒரு சிறு தள்ளல். பிறகு ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும்.

"தள்ளுதுங்களா?" என்றாள்.

"தள்ளுது."

"நெசமாங்களா? எனக்கோசரம் சொல்றீங்களா?"

"நெசமாத்தான்."

"பத்துக்கு எவ்வளவுங்க?"

ஐந்து என்று சொல்ல நாக்கு வரை வந்தது.

"ஒண்ணு" என்றேன்.

"ஒண்ணுங்களா" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு, மறுபடியும் தூக்கத் தொடங்கினாள்.